ஒட்டு மீசையும் ஒட்டாத பாத்திரமும்

முத்தமிழுள் நாடகத்தமிழ் ஒன்றே கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்தளிப்பது. இயற்றமிழில் சொல்லும், இசைத்தமிழில் பண்ணும் தலைமை பெறுகின்றன. நாடகத்தமிழிலோ சொல், பண், மெய் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இவற்றுள் மெய்யைச் சார்ந்தது ஒப்பனை. நாடகத் திறனாய்வில் கதையமைப்பு, உரையாடல், நடிப்பு ஆகியவை பேசப்படும் அளவுக்கு ஒப்பனை பேசப்படுவதில்லை. பேசப்படினும் ‘ஒப்பனை சிறப்பாக இருந்தது’ என்னும் ஒரு வரியோடு அது முடிந்துவிடுகிறது. அவ்வொப்பனையுள்ளும் மிகச் சிறியதாகிய ஒட்டு மீசையைப் பற்றித் தனியே ஆராய்வது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், ஜொகூர் மாநிலத்துத் தமிழ் மேடைகளைக் கூர்ந்து நோக்குவோர், அரை விரல் அகலமுள்ள அந்த மயிர்க்கற்றையே ஒரு நாடகத்தை நிறுத்தவும் வீழ்த்தவும் வல்லதாய் இருப்பதை உணர்வர்.

குறியும் போலியும்

முகத்து மயிரை வேடத்தின் கூறாகக் கொள்ளும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை, தெருவில் பேடிக் கோலத்தில் ஆடுவாரையும், அவரைச் சூழ்ந்து நின்று காண்போரையும் காட்டுகிறது. சுருண்ட தாடியும் பூச்சூடிய கூந்தலும் ஒரே முகத்தில் அமைந்த கோலம் அது. அத்தாடியைக் கண்டு எவரும் ஏமாறவில்லை. ஏமாற்றுவது அவ்வாடலின் நோக்கமும் அன்று. ஆணியல்பும் பெண்ணியல்பும் ஒருங்கே நிற்பதைப் பார்ப்போர் கண்ணுக்கு அறிவிக்கும் குறியாகவே தாடி அங்கு நிற்கிறது.

தெருக்கூத்தின் நெறியும் இதுவே. அரிதாரம் பூசி, புருவம் தீட்டி, கட்டை கட்டி ஆடும் கூத்தரின் மீசை, கன்னம் வரை வளைந்து ஏறும் கறுப்புக் கோடாகப் பெரும்பாலும் எழுதப்படுவது. உலகில் எந்த மனிதனுக்கும் அவ்வாறு மீசை முளைப்பதில்லை. வீமன் என்றும் துச்சாதனன் என்றும் தொலைவில் அமர்ந்திருப்பவரும் அறிந்துகொள்வதற்காக வரையப்பட்ட எழுத்து அது. விடியும்வரை வியர்த்து ஆடினாலும் கீழே விழுந்துவிடுமோ என்னும் அச்சம் அதற்கில்லை.

ஜொகூரில் வாழ்வோர் இந்நெறியின் மற்றொரு வடிவத்தை அண்டை வீட்டிலேயே காணலாம். ஜொகூர் பாருவின் பழைய சீனக் கோயிலில் ஆண்டுதோறும் நிகழும் தெய்வ ஊர்வலக் காலத்தில் சீன இசை நாடகமும் மேடையேறுகிறது. அந்நாடக நடிகர் தாடியை முகத்தில் ஒட்டுவதில்லை. கம்பியில் கோத்த நீண்ட மயிரைக் காதுகளில் மாட்டி, வாய்க்கு முன்னே தொங்கவிடுகின்றனர். தாடிக்கும் உதட்டுக்கும் இடையே உள்ள வெளி அவையோருக்குத் தெரிகிறது. நடிகர் அத்தாடியைக் கையால் நீவியும் வீசியும் சினத்தையும் கவலையையும் புலப்படுத்துகிறார். கருமை இளமையையும், நரை நடுவயதையும், வெண்மை முதுமையையும் காட்டுகின்றன. அத்தாடி உண்மையானதன்று என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். எனினும் எவரும் நகைப்பதில்லை.

கூத்தும் சீன நாடகமும் தம் அவையோரோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்றே. ‘இது குறி; இதனைக் குறியாகவே கொள்க’ என்பது அது. ஒட்டு மீசை செய்யும் உடன்படிக்கை வேறு. ‘இது மெய், இம்முகத்தில் முளைத்தது’ என்று அது உறுதி கூறுகிறது. உறுதி கூறிய பொருளே, உறுதி தவறும்போது இகழ்ச்சிக்கு ஆளாகிறது. எழுதப்பட்ட மீசை கலைந்தால் அது கலைந்த கோடு. ஒட்டப்பட்ட மீசை நழுவினால் அது வெளிப்பட்ட பொய்.

மேடைக்கு வந்த வழி

திரையும் பக்கத் தட்டிகளும் அமைந்த மேடையில், மூன்று நான்கு மணி நேரத்தில் முடிவுறும் நாடகம் தமிழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கற்றோர் மேடையேறியதும், உரைநடை உரையாடல் பெருகியதும் நடைமுறை வாழ்வை ஒத்த தோற்றத்தின்மேல் நாட்டத்தை வளர்த்தன. மறுபுறம், சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை முதலிய சிறுவர் நாடகக் குழுக்களில், அரசனும் அமைச்சனும் தளபதியும் சிறுவரே ஆயினர். மேலுதட்டில் பூனைமயிரும் அரும்பாத சிறுவன் ‘ராஜபார்ட்’ ஏற்கும்போது மீசை இன்றியமையாததாயிற்று. கும்பகோணம் பாலாமணி அம்மாள் குழுவில் ஆண் வேடங்களையும் பெண்களே தாங்கினர். கே. பி. சுந்தராம்பாளும் மேடையில் ஆண் வேடம் ஏற்றுப் புகழ் பெற்றவர். 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே நடித்தார்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. தமிழ் மேடையில் ஆண்மையின் தோற்றம் நெடுங்காலம் சிறுவராலும் பெண்டிராலும் தாங்கப்பட்டது. அவர்களை அரசராக அவையோர் ஏற்றதற்குக் காரணம் அவர்தம் குரலும் பாட்டும் நடையும் ஆகும். மீசை இருந்திருப்பின், அது ஏற்கெனவே நிகழ்ந்த மாற்றத்திற்கு இடப்பட்ட முத்திரையாக இருந்தது.

நகையும் பெருமிதமும்

மீசை விழுந்தால் அவை ஏன் நகைக்கிறது? இதற்குத் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் தெளிவான விடை தருகிறது. நகைக்கு நிலைக்களனாக அவர் சுட்டுவன எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு. மீசை வைத்த சிறுவன் மேடையில் தோன்றியவுடன் எழும் மெல்லிய சிரிப்பு இளமை காரணமாகப் பிறப்பது, அன்பு கலந்தது, நாடகத்திற்குத் தீங்கு செய்யாதது. அம்மீசை ஒருபுறம் தொங்க, சிறுவன் அதை அறியாமல் வீரவுரை ஆற்றும்போது எழும் சிரிப்பில் பேதைமையும் எள்ளலும் சேர்ந்துவிடுகின்றன. அவன் கையால் மீசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு உரையைத் தொடர முயலும்போது எள்ளலே முழுமையாக ஆட்சி செய்கிறது. அதற்குப்பின் அவன் தூக்குமேடை ஏறினாலும் அவை அழாது.

இனி, மீசை எதற்காக ஒட்டப்படுகிறது என்பதையும் எண்ணுதல் வேண்டும். பெரும்பாலும் பெருமிதத்தைக் காட்டவே அது ஒட்டப்படுகிறது. பெருமிதத்திற்குத் தொல்காப்பியர் காட்டும் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன. இந்நான்கனுள் எதுவும் மயிரால் ஆவதன்று. தறுகண் என்னும் அஞ்சாமையை உரையாடலில் வைக்காத நாடக ஆசிரியர், அதனை மீசையில் வைக்க முயல்கிறார். பெருமிதத்தின் முழுச் சுமையும் பசையின்மேல் ஏற்றப்பட்டபின், பசை இளகினால் பாத்திரமும் வீழ்வதில் வியப்பில்லை.

இக்குறிப்பைத் திரைப்படம் நன்கு அறிந்து பயன்படுத்தியது. 1979-இல் ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கிய கோல்மால் என்னும் இந்திப் படத்தைத் தழுவி, 1981-இல் கே. பாலசந்தர் தில்லு முல்லு படத்தை உருவாக்கினார். மீசையுள்ள ஒருவனும் மீசையில்லாத அவன் உடன்பிறப்பும் என ஒரே ஆள் இரட்டை வேடம் போடுவதே அக்கதையின் அச்சாணி. மேடை நாடகத்திலிருந்து திரைக்கு வந்த பாலசந்தர், மேடையில் விபத்தாக நிகழ்வதைக் கதையாகவே ஆக்கினார். அங்கு ஒட்டு மீசை தன்னைப் பொய் என்று அறிவித்துக்கொண்டே வருகிறது. எனவே அது தரும் நகை நாடகத்தை வளர்க்கிறது. வீர நாடகத்தில் அதே நகை நாடகத்தைக் கொல்கிறது.

தோட்டத்து அரசர்கள்

ஜொகூரில் தமிழ் நாடகம் வளர்ந்த இடங்களுள் தோட்டங்களை மறத்தல் ஆகாது. குளுவாங், கூலாய், சிகாமட், லாபிஸ், கோத்தா திங்கி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் கோயில் திருவிழாவே ஆண்டின் பெருநாள். நாடகமும் கூத்தும் அவ்விரவின் அணிகலன்கள். லயத்துக்கு அருகே பலகையும் மரக்கட்டையும் கொண்டு எழுப்பிய மேடையில், பகலில் பால்மரம் வெட்டியவரே இரவில் அரிச்சந்திரனாகவும் அர்ச்சுனனாகவும் நின்றார்.

அந்த மேடையில் ஒட்டு மீசைக்கு இருந்த பொருளை நகரத்து மேடையைக் கொண்டு அளத்தல் கூடாது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்து நின்றவர், கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் முன்னே குரலைத் தாழ்த்திப் பழகியவர், ஓர் இரவு நிமிர்ந்து நின்று ‘யாரடா அங்கே’ என்று கூவினார். அக்குரலைக் கேட்டவர் அவருடைய மனைவி மக்களும் அண்டை வீட்டாருமே. மீசை சற்றுக் கோணலாக இருந்திருக்கலாம். ஒப்பனைக்கு அடுப்புக் கரியே கிடைத்திருக்கலாம். ஆயினும் தறுகண் என்பது அங்கே முகத்திற்கு வெளியிலிருந்து வந்ததன்று. நெடுங்காலம் உள்ளே அடக்கப்பட்டிருந்தது அன்றிரவு வெளியே வந்தது. மீசை அதற்கு வாயில் திறந்துவிட்டது. விடிந்ததும் மீசை கழன்றது, பெரட்டு வந்தது. எனினும் தந்தையை அரசனாகக் கண்ட பிள்ளையின் கண் மீண்டும் பழைய கண்ணாக இருந்திருக்க முடியாது.

ஒப்பனைக் கலையில் ரப்பர்ப் பாலும் ஒட்டும் பசையாகப் பயன்படுகிறது. மரத்தில் கோடு கீறிப் பால் எடுத்த கைகளின் உழைப்பு, உலக நடிகர் பலரின் முகங்களில் தாடியையும் மீசையையும் தாங்கி நின்றது என்பது சிந்தனைக்குரியது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் நின்ற இடத்தைச் செம்பனை கொண்டும், மக்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் போன்ற இடங்களுக்குப் பெயர்ந்தும் போனபின், அம்மேடைகளுள் பெரும்பாலானவை மறைந்தன. இன்று ஜொகூரில் தமிழ் நாடகத்தின் முதன்மையான தொட்டில் தமிழ்ப்பள்ளியே. ஆகவே பள்ளி மேடையில் மீசை எவ்வாறு கையாளப்படுகிறது என்பது அற்பச் செய்தி ஆகாது.

பள்ளி மேடையில் பாரதி

மாறுவேடப் போட்டியிலும் பாரதி விழாவிலும் மிகுதியாகக் காணப்படும் கோலம் பாரதியின் கோலமே. வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, நெற்றியில் திலகம், கண்மையால் தீட்டிய முறுக்கு மீசை ஆகியவை அமைந்துவிட்டால் பாரதி பிறந்துவிட்டார் என்று கருதப்படுகிறது. பிள்ளை மேடையேறி ஓரிரு அடிகளை உரக்கச் சொல்லி, விரலை நீட்டி, மீசையை முறுக்கி இறங்குகிறது. கைதட்டல் எழுகிறது, புள்ளியும் கிடைக்கிறது.

இங்கு இழக்கப்படுவது யாது? பாரதியின் மீசைக்கு ஒரு வரலாறு உண்டு. மழித்த முகமும் குடுமியுமே மரபாக இருந்த குலத்தில் 1882-இல் பிறந்தவர் அவர். காசியில் ஆசாரம் மிக்க உறவினர் இல்லத்தில் தங்கிக் கற்ற காலத்திலேயே குடுமியை நீக்கி, தலைப்பாகை கட்டி, மீசை வளர்த்தார். அம்மீசை பிறப்பால் வந்த அடையாளத்தைத் தாமே மாற்றிக்கொண்டதன் அறிவிப்பு. அவர் பாடல்களில் பின்னர் முழங்கிய சமத்துவம் அவர் முகத்தில் முன்னரே எழுதப்பட்டது எனலாம். இதனை அறியாத பிள்ளைக்கு அது வெறும் மை. அறிந்த பிள்ளைக்கோ அது ஒரு துணிவின் சின்னம். முன்னவன் மீசையை முறுக்குவான். பின்னவன் முறுக்க வேண்டிய தேவையே இல்லாமல் நிற்பான்.

பாரதியின் ஒளிப்படங்களாக எஞ்சியிருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்குவன. அவற்றுள் அவர் தாடியோடு காணப்படுவதும் உண்டு. மேடைப் பாரதியின் உருவமோ ஓவியங்களாலும் திரைப்படங்களாலும் உறுதிப்பட்டது. 1961-இல் கப்பலோட்டிய தமிழன் படத்தில் எஸ். வி. சுப்பையாவும், 2000-இல் பாரதி படத்தில் சாயாஜி ஷிண்டேயும் ஏற்ற வேடங்கள் மக்கள் மனத்தில் பதிந்தவை. பிள்ளைகள் பார்த்துப் பழகுவது பாரதியை நடித்தவர்களையே. கட்டபொம்மன் வேடத்திலும் இதே நிலைதான். 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரின் முகம் எத்தகையது என்பதை 1959-இல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தின் சிவாஜி கணேசனே தமிழருக்கு வகுத்துக் கொடுத்தார். அம்முகமே இன்று வரலாற்று முகமாகிவிட்டது. சிவாஜியின் மீசையைப் படியெடுக்கும் மாணவன் அவருடைய மூச்சுப் பயிற்சியைப் படியெடுப்பதில்லை. நீண்ட தொடர்களை ஓரிடத்திலும் தடுக்காது உரைத்த அப்பயிற்சியே அவ்வேடத்தின் உயிர். சிறுவர் நாடகக் குழுவில் இளமையிலேயே தொடங்கிய உழைப்பின் பயன் அது.

மேலும் ஒரு குறை சுட்டத்தக்கது. கட்டபொம்மனுக்கும் பாரதிக்கும் பாண்டியனுக்கும் சில வேளைகளில் எமனுக்கும் ஒரே மீசையே வைக்கப்படுகிறது. கடையில் கிடைத்தது ஒன்று என்பதே காரணம். பாத்திர வேறுபாடு உரையில் இல்லாத நாடகத்தில் அது மீசையிலும் இல்லாமற் போவது இயல்பே.

ஒட்டும் முறை

குறை கூறுவதோடு நில்லாமல் முறையும் கூறுதல் திறனாய்வின் கடன். மீசையைத் தேர்ந்தபின் பாத்திரத்தைத் தேடாமல், பாத்திரத்தை ஆராய்ந்தபின் மீசையைத் தேர்தல் வேண்டும். கணக்கருக்குக் கத்தரித்த சிறு மீசையும், முதியவருக்கு உதட்டைத் தழைந்த நரை மீசையும், படைவீரனுக்கு நுனி மேல்நோக்கிய மீசையும் பொருந்தும். வலைத்துணியில் மயிர் முடைந்து செய்யப்பட்ட மீசை பன்முறை பயன்படும். கம்பளி மயிரை இழையிழையாகப் பிரித்து ஒட்டுவது முகத்திற்கேற்ப அமையும். எவ்வகையாயினும் ஒட்டியபின் நடிகரின் வாயகலத்திற்கேற்பக் கத்தரித்தல் நலம். கடையில் வாங்கியவாறே வைக்கும் மீசை பெரும்பாலும் அகலம் மிக்கதாகவே இருக்கும்.

பசை பற்றுவதற்குத் தோல் உலர்ந்தும் எண்ணெய்ப் பசையின்றியும் இருத்தல் வேண்டும். ஆகவே முகப்பூச்சுக்கு முன்னரே மேலுதட்டைத் துடைத்து மீசையை ஒட்டி, அதனைச் சுற்றியே பூச்சு இடுதல் தக்கது. குங்கிலியம் போன்ற பிசினைச் சாராயத்தில் கரைத்துச் செய்யும் பசையே மேடை வழக்கில் உள்ளது. அதனைத் தடவி, சற்று உலர்ந்து பிசுபிசுக்கும் பதத்தில் அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கும். ஜொகூரின் புழுக்கத்தில் மூக்கின் கீழுள்ள பள்ளத்திலேயே வியர்வை முதலில் தேங்குகிறது. ஒரே துண்டாக அமைந்த மீசை அங்கிருந்தே பெயரத் தொடங்கும். இருபாதியாக ஒட்டப்பட்டது, உதடு அசையும்போது தானும் அசைந்து நிலைத்து நிற்கும். ஒட்டியபின் நடிகர் வாய்விட்டுச் சிரித்தும் உரக்கப் பேசியும் பார்த்தல் வேண்டும். மீசையோடு ஒத்திகை செய்யாதவர் மேடையில் உதட்டை இறுக்கிக்கொண்டு பேசுவார். சொல் தெளிவு கெடும்.

சிறு பிள்ளைகளின் முகத்தில் வீட்டுப் பசைகளைப் பயன்படுத்துதல் அறவே கூடாது. ரப்பர்ப் பால் ஒவ்வாதவரும் உளர். அவர்களுக்குக் கண்மைக் கோடே போதும். அதுவும் முளைத்த மீசைபோல் காட்ட முயலும் மங்கல் பூச்சாக இல்லாமல், கூத்தர் எழுதியதுபோல் துணிந்து எழுதிய கோடாக இருப்பின் அவை அதனைக் குறியாக ஏற்கும். எழுத்து மீசைக்குத் திரும்புவது பின்னடைவு ஆகாது. தமிழ் மேடை முன்னரே கண்டறிந்த தீர்வு அது.

மீசையின்றியும் பாரதி

மீசையே வேண்டாம், உள்ளுணர்வே போதும் என்பாரும் உளர். இக்கூற்று உயர்ந்ததாகத் தோன்றினும் முற்றும் ஏற்கத்தக்கதன்று. வேடம் நடிகனுக்கும் உதவுகிறது. முகத்தில் ஒன்று கூடியவுடன் கூச்சமுள்ள பிள்ளை தன்னை மறக்கிறது; பிறனாகி நின்று பேசும் துணிவு பெறுகிறது. தோட்டத்து அரசர்களுக்கு மீசை செய்த நன்மையும் அதுவே. ஆகவே வேண்டுவது மீசையை நீக்குதல் அன்று. அதற்குரிய இடத்தை அறிதல்.

ஒரு பெண் குழந்தை பாரதியாக வரும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பெண் விடுதலையைப் பாடிய கவிஞரைப் பெண்ணே ஏற்று நடிப்பதில் ஆழ்ந்த பொருத்தம் உண்டு. சில மேடைகளில் அக்குழந்தைக்கு ஆண் பிள்ளைகளினும் பெரிய மீசை வைத்து, பெண் என்பதை மறைக்க முயல்கின்றனர். மறைக்க வேண்டியது எதுவும் அங்கில்லை. மெல்லிய கோடொன்று எழுதி, பாடலின் பொருளை உணர்த்தி, தன் குரலிலேயே பேசவிட்டால், பாரதியின் கனவுக்கு அக்குழந்தையே சான்றாகிவிடுகிறது. பாலாமணி அம்மாளும் சுந்தராம்பாளும் நடந்த வழி அதற்கு முன்னமே உள்ளது.

நாடகப் பயிற்சி தரும் தமிழாசிரியர், ஒத்திகையின் முதல் வாரத்தில் மீசையின்றியே பாத்திரத்தை நடிக்கச் செய்தல் வேண்டும். வெறும் முகத்தோடு நின்று பேசும் மாணவனைக் கண்டு, ‘இவன் கட்டபொம்மன்’ என்று உடன் பயிலும் மாணவர் உணரும் நாளே மீசை வைக்கும் நாள். அவ்வாறு வைத்த மீசை, நாடக நடுவில் நழுவி விழுந்தாலும் கேடில்லை. அவன் அதனைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தன் உரையைத் தொடரலாம். அவையும் அவனைத் தொடரும்.